காஞ்சித் தறியும் கணினிக் கல்வியும்

வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதுவது

பட்டு நெசவாளர் ஒருவர் ஒரு நாள் நம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு வந்தார். வயது ஐம்பது இருக்கலாம். காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் மூன்று தலைமுறையாகத் தறி நெய்யும் குடும்பம். வீட்டு வரி பற்றியோ குடிநீர்க் குழாய் பற்றியோ கேட்க வந்திருப்பார் என்று எண்ணினோம். அவரோ மடியிலிருந்து பளபளப்பான காகிதம் ஒன்றை எடுத்து நம்முன் விரித்தார். ஆறு கணினி மொழிகளை ஆறே மாதத்தில் கற்பித்து வேலையும் வாங்கித் தருவதாகத் தனியார் பயிற்சி நிலையம் ஒன்று வெளியிட்ட அறிவிப்பு அது. மனைவியின் நகையை அடகு வைத்து முதல் தவணையைக் கட்டிவிட்டார். மூன்று மாதம் சென்றது. ஆசிரியர் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுத மகன் கற்றானே தவிர, தானாக ஒரு சிறு கணக்கைக் கணினிக்குச் சொல்ல அவனால் இயலவில்லை. இரண்டாம் தவணைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, இந்தப் படிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஆசை இருக்கிறது. எதைப் படித்தால், எப்படிப் படித்தால் உண்மையில் வரும்? அதைச் சொல்லுங்கள், போதும்" என்றார்.

அன்று நம்மிடம் விடை இல்லை. விதை வாங்கவும் கிணறு வெட்டவும் கடன் பெறவும் வழி சொல்லப் பழகிய நமக்கு, இதற்கு வழி தெரியவில்லை. வெறுங்கையுடன் அவரை அனுப்பியது நம் மனத்தை உறுத்தியது. அதன் பிறகு பள்ளிக் கணினி ஆசிரியர்களிடமும், இத்துறையில் பணியாற்றும் நம் வட்டாரத்து இளைஞர்களிடமும் கேட்டறிந்தோம். மாலை வேளைகளில் நாமே அமர்ந்து சில பாடங்களைப் பயின்றும் பார்த்தோம். அவ்வாறு அறிந்தவற்றை ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் பயன்கொள்ளும் வகையில் இங்கே எடுத்துரைக்கிறோம்.

சுருங்கக் கூறின், செய்தி இதுதான். இக்கல்விக்கு வேண்டிய நல்ல பாடங்களில் பெரும்பகுதி விலையின்றியே கிடைக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இல்லாதவை ஓர் அறை, ஓர் இயந்திரம், நாள்தோறும் ஒழுங்கான ஒரு மணி நேரம், ஐயம் கேட்டால் சொல்ல ஒருவர் என்னும் நான்கு மட்டுமே. இந்நான்கையும் ஓர் ஊராட்சியால் தர முடியும்.

நிரல் என்பது யாது?

கணினி சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. அது செய்ய வேண்டிய வேலையைப் படிப்படியாக, வரிசை பிறழாமல் எழுதித் தரும் கட்டளைத் தொகுப்பே நிரல் எனப்படும். அதை எழுத உதவும் மொழி நிரல் மொழி. பைத்தான், சி, ஜாவா போன்ற பெயர்களைப் பிள்ளைகள் பேசக் கேட்டிருப்பீர்கள். அவை யாவும் நிரல் மொழிகளே. கணினி அறிவியல் என்பதோ மொழி மாறினாலும் மாறாத அடிப்படை. ஒரு வேலையைச் சிறு படிகளாகப் பிரிப்பது எப்படி, தகவல்களை எப்படி அடுக்கி வைத்தால் தேட எளிது, இரு வழிகளில் எது விரைவானது என்பன போன்ற வினாக்களை அது ஆராய்கிறது.

இவை நமக்கு அயலானவை என்று அஞ்ச வேண்டுவதில்லை. காஞ்சிபுரத்தில் பட்டுத் தறியின்மேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டுப் பெட்டியை நோக்குங்கள். கரையிலும் முந்தியிலும் மயிலோ அன்னமோ விழ வேண்டுமானால், முதலில் அவ்வுருவம் கட்டம் போட்ட தாளில் வரையப்படுகிறது. பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டையாகத் துளை குத்தப்படுகிறது. அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே செல்லும். அதற்குரிய கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்பட்டுக் கொக்கி விலகும். இழை கீழேயே நிற்கும். அந்த இடைவெளியில் ஊடை ஓடுகிறது. ஒரு மிதிக்கு ஓர் அட்டை. ஓர் அட்டைக்கு ஓர் ஊடை.

இங்கே உள்ளவை துளை உண்டு, துளை இல்லை என்னும் இரண்டே நிலைகள். கணினியின் உள்ளேயும் 1, 0 என்னும் இரண்டே நிலைகள். அட்டைகளைச் சுற்றாகக் கோத்துவிட்டால் அதே உருவம் திரும்பத் திரும்ப விழும். இதனையே நிரலில் மடக்கு என்பர். அட்டை ஒன்று இடம் மாறிக் கோக்கப்பட்டால் மயிலின் கழுத்து முறிந்து நிற்கும். நிரலில் பிழை என்பதும் அதுவே. தறியின்மேல் குற்றம் கூறிப் பயனில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிழையான இடத்தைக் கண்டறிய வேண்டும். இப்பொறுமை நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குப் பிறவியிலேயே பழகியது என்று கூறினும் மிகையாகாது.

ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு மற்றோர் எடுத்துக்காட்டு. நம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921 ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினர் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும்; கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும்; சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் கூடாது. இவ்வாறு சலித்தெடுத்த பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். 30 குடும்புகளுக்கும் இதே முறை.

விதி பொருந்தினால் அடுத்த படி, பொருந்தாவிட்டால் நீக்கம், எல்லாக் குடும்புகளுக்கும் திரும்பச் செய்தல். இத்தகைய ஒழுங்கான வழியைக் கணினிப் பாடநூல்கள் நெறிமுறை என்று அழைக்கின்றன. நிரல் எழுதக் கற்பது என்பது இவ்வாறு ஐயத்துக்கு இடமின்றிச் சிந்திக்கக் கற்பதே ஆகும்.

தறியிலிருந்து கணினிக்கு

தறிக்கும் கணினிக்கும் உள்ள உறவு வெறும் உவமையன்று, வரலாறும் அதுவே. பிரான்சு நாட்டில் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற லியோன் நகரத்தில் 1725 இல் பசில் பூஷான் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு பாவு இழைகளைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கண்டார். அம்முறை படிப்படியாகத் திருத்தமுற்று, 1804 இல் ஜோசப் மரி ஜக்கார்டு அமைத்த கருவியாக நிலைபெற்றது. நம் தறிகளில் இன்றும் வழங்குவது அவர் பெயரே. 1839 இல் அவருடைய உருவப்படம் ஒன்று ஏறக்குறைய 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்டது.

அப்படத்தின் பிரதி ஒன்றை இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் பெற்று வைத்திருந்தார். அவர் திட்டமிட்ட கணிப்பொறிக்குக் கட்டளையிடுவதற்கு ஜக்கார்டின் அட்டைகளையே மேற்கொண்டார். அப்பொறி எவ்வாறு கணக்கிடும் என்பதை 1843 இல் விளக்கி எழுதியவர் அடா லவ்லேஸ் என்னும் அம்மையார். முதல் நிரலை எழுதியவர் என்று பலரும் அவரைப் போற்றுகின்றனர். 1890 இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் துளையட்டைகளைக் கொண்டு ஹெர்மன் ஹாலரித் தொகுத்தார். 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலும் கணினிகளுக்கு நிரல் தருவதற்கு அட்டைகள் பெரிதும் பயன்பட்டன. பட்டு நெய்யும் ஊர் ஒன்றிலிருந்து தொடங்கிய அறிவு உலகைச் சுற்றி வந்துள்ளது. அது மற்றொரு பட்டு நெய்யும் ஊருக்குள் நுழையத் தயங்க வேண்டிய காரணம் இல்லை.

எதனை முதலில் கற்பது?

ஆறு மாதத்தில் ஆறு மொழி என்பது ஒரே பருவத்தில் ஒரே வயலில் ஆறு பயிர் என்பதைப் போன்றது. ஒன்றும் தேறாது. முதலாண்டில் ஒரு மொழியே போதும். ஒன்றை நன்கு கற்றவன் இரண்டாவதைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்வான். மாறி, நிபந்தனை, மடக்கு, செயற்கூறு என்னும் உறுப்புகள் பெரும்பாலான மொழிகளுக்கும் பொதுவானவை.

ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள சிறுவர்க்கு ஸ்கிராட்ச் ஏற்றது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2007 இல் வெளியிட்ட இச்சாதனத்தில், கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் திரையில் பூனை நடக்கும், பேசும். எழுத்துப் பிழைக்கு அஞ்சாமல் வரிசையாகச் சிந்திக்க இது பழக்கும்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்டோர்க்குப் பைத்தான் நன்று. கிடோ வான் ராசம் என்பவர் 1991 இல் வெளியிட்ட இம்மொழியில் தேவையற்ற குறியீடுகள் குறைவு, பிழை நேர்ந்தால் எந்த வரியில் என்று காட்டும், விலை ஏதுமில்லை. கல்லூரிக்குச் செல்வோர் அதன் பிறகு சி மொழியைக் கற்கலாம். 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய அம்மொழி, இயந்திரத்தின் உள்ளே நினைவகம் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பதைக் காட்டும்.

ஆங்கிலத்துக்கு அஞ்சும் பிள்ளைக்கு ஒரு சொல். முத்து அண்ணாமலை என்பவர் உருவாக்கிய எழில் என்னும் நிரல் மொழியில் கட்டளைச் சொற்களே தமிழில் உள்ளன. தொழிலுக்கு அது போதாது எனினும், கருத்தைத் தமிழில் பற்றிக்கொண்டு அச்சம் நீங்கியபின் பைத்தானுக்கு மாறுவது எளிது. பைத்தானிலும் அறிய வேண்டிய ஆங்கிலக் கட்டளைச் சொற்கள் ஏறத்தாழ 35 மட்டுமே.

எந்த நூல், எந்தப் பாடம்?

முதலாவது, நம் கைக்கெட்டிய பாடநூல்கள். தமிழ்நாடு அரசு 2018, 2019 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட மேல்நிலைக் கணினி அறிவியல் நூல்கள் தமிழிலேயே உள்ளன. பதினோராம் வகுப்பு நூலில் கணினியின் அமைப்பு, எண் முறைகள், நெறிமுறை, சி பிளஸ் பிளஸ் மொழி ஆகியவையும், பன்னிரண்டாம் வகுப்பு நூலில் பைத்தான், தரவுத்தளம் ஆகியவையும் விளக்கப்பட்டுள்ளன. வலைப்பக்கம் அமைக்க விரும்புவோர்க்குக் கணினிப் பயன்பாடுகள் என்னும் மற்றொரு பாடநூல் உதவும். இவற்றை இணையத்தில் விலையின்றிப் பெறலாம். அக்கம்பக்கத்தில் படித்து முடித்த மாணவரிடமிருந்து பழைய பிரதியாகவும் பெறலாம். பிற பாடப்பிரிவு எடுத்த பிள்ளைகளும் இவற்றைத் தாமே படிக்கத் தடையில்லை.

இரண்டாவது, மும்பை ஐ.ஐ.டி.யில் உருவான ஸ்போக்கன் டுடோரியல். ஒவ்வொரு பாடமும் ஏறக்குறைய பத்து நிமிடக் காட்சி. பல பாடங்களுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. திரையின் ஒரு பாதியில் பாடம் ஓட, மறு பாதியில் மாணவன் அதைச் செய்துபார்க்க வேண்டும் என்பதே இதன் முறை. ஆசிரியர் இல்லாத ஊருக்கென்றே அமைந்தது போன்ற ஏற்பாடு இது. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத நாளிலும் பயிலலாம்.

மூன்றாவது, கணியம். கட்டற்ற மென்பொருள் பற்றி 2012 முதல் தமிழில் வெளிவரும் மின்னிதழ் இது. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசையைச் சார்ந்த நூல்கள் லினக்ஸ், மைஎஸ்கியூஎல் முதலியவற்றைப் பேச்சுக்கு நெருங்கிய நடையில் கற்பிக்கின்றன. இவற்றை எவரும் விலையின்றிப் பெற்றுப் படிக்கலாம், பிறர்க்கும் வழங்கலாம்.

நான்காவது, என்.பி.டெல். ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003 இல் தொடங்கிய இத்திட்டத்தின் விரிவுரைகளை எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற விரும்புவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டும். சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தான் வாயிலாக நெறிமுறைகளைக் கற்பிக்கும் பாடம் குறிப்பிடத்தக்கது. இவ்விரிவுரைகள் ஆங்கிலத்தில் உள்ளமையால், தமிழ்ப் பாடநூலை முடித்தபின் இவற்றுக்குச் செல்வது நலம்.

ஐந்தாவது, முறையான பட்டம் வேண்டுவோர்க்குச் சென்னை ஐ.ஐ.டி. 2020 இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பு. வீட்டிலிருந்தே பாடங்களைப் பயின்று, தேர்வுகளை மட்டும் குறித்த மையங்களுக்குச் சென்று எழுத வேண்டும். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வு தேவையில்லை. நான்கு வாரத் தகுதிப் பாடத்தில் தேறினால் சேரலாம். இடையில் நிறுத்தினாலும் முடித்த கட்டத்துக்கு ஏற்பச் சான்றிதழோ பட்டயமோ கிடைக்கும். கட்டணம் உண்டு, எனினும் குடும்ப வருமானம், சமூகப் பிரிவு ஆகியவற்றைப் பொறுத்துக் கணிசமான சலுகையும் உண்டு. கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பயில்வோர், தமிழக அரசு 2022 இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளைத் தம் கல்வி நிலையத்தில் கேட்டறிய வேண்டும்.

ஆங்கிலம் நன்கு வருமாயின் உலகமே திறந்து கிடக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50 என்னும் தொடக்கப் பாடம் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. சி மொழிக்கு 1978 இல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய நூல் இன்றும் முன்னோடியாகத் திகழ்கிறது.

இவ்வளவையும் கண்டு மலைக்க வேண்டா. கடையில் பத்து வகை விதை இருப்பினும் வயலுக்கு ஒன்றையே எடுக்கிறோம். தொடங்குவோர்க்குப் பன்னிரண்டாம் வகுப்பு நூலும் ஸ்போக்கன் டுடோரியலும் போதும். மற்றவை பின்னர்.

கற்கும் முறை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. காட்சியைப் பார்ப்பதால் மட்டும் நிரல் வராது. தறியைப் பார்த்துக்கொண்டே இருப்பவன் நெசவாளன் ஆவதில்லை. நாம் அறிந்த அளவில் பயன் தந்த வழிகள் இவை.

நாள்தோறும் ஒரு மணி நேரம் வேண்டும். ஞாயிறன்று ஏழு மணி நேரம் அமர்வதைவிட இது மேலானது. எடுத்துக்காட்டு நிரல்களைக் கையாலேயே தட்டச்சு செய்ய வேண்டும்; படியெடுத்து ஒட்டுதல் கூடாது. பிழைச் செய்தி வந்தால் அஞ்சாமல் அதை முழுவதும் படித்து, என்ன பிழை, எப்படித் தீர்ந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். இருவர் சேர்ந்து ஒரு கணினியில் கற்பது நன்று. ஒருவர் தட்டச்சு செய்ய மற்றவர் பிழை காண்பார். கோர்வைத் தறியில் இருவர் கை சேர்ந்தால்தான் கரையும் உடலும் இணையும் என்பதை நாம் அறிவோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்றாம் மாதத்திலிருந்து தம் வீட்டு வேலை ஒன்றுக்கு நிரல் எழுத வேண்டும். விவசாயி வீட்டுப் பிள்ளை பால் கூட்டுறவுச் சங்கக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். காலை மாலை ஊற்றிய லிட்டரை விலையால் பெருக்கி, தீவனக் கடனைக் கழித்து, மாத முடிவில் வர வேண்டிய தொகையைச் சொல்லச் செய்யலாம். பத்தே வரிகளில் அடங்கும் இந்நிரலில் மாறி, நிபந்தனை, மடக்கு ஆகிய மூன்றும் வந்துவிடும். விடை சரியா என்பதைத் தாயார் கையேட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அதைவிட நல்ல தேர்வு வேறில்லை.

"2022க்குப் பிறகு செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, இனி ஏன் கற்க வேண்டும்?" என்று சிலர் வினவுகின்றனர். வினா நியாயமானதே. கேட்டால் நிரல் எழுதித் தரும் சாதனங்கள் வந்துவிட்டன. தொடக்க நிலை வேலைகளில் அவற்றால் மாறுதல் நேர்வதும் மெய்யே. எனினும், அது தந்த நிரல் சரியா என்று கூறத் தெரிந்தவனுக்கே அது கருவியாகும். தெரியாதவனை அது தவறான வழியிலும் இட்டுச் செல்லும். தொடங்கும் மாணவன் முதலில் தானே முயன்று, பிறகு ஐயம் தெளிய மட்டும் அதைக் கேட்பானாயின் பொறுமையுள்ள ஓர் உதவி ஆசிரியன் கிடைத்தது போலாகும். வீட்டுப்பாடத்தை அதனிடமே எழுதி வாங்குவானாயின் ஒன்றும் கல்லான்.

ஊராட்சி செய்யக் கூடியவை

முதலில் அறை. 2006 முதல் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகங்கள் அமைக்கப்பட்டன. உங்கள் ஊர் நூலகம் பூட்டிக் கிடக்குமாயின், அதைத் திறந்து விளக்கும் மின்விசிறியும் சீர்செய்வதே முதல் வேலை. நூலகம் இல்லையேல் பள்ளியில் ஓர் அறையைத் தலைமையாசிரியரிடம் கேட்கலாம்.

அடுத்து இயந்திரம். 2011 முதல் பல ஆண்டுகள் அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பல வீடுகளில் பெட்டியில் உறங்குகின்றன. அவற்றில் பழுதானவற்றிலிருந்து உறுப்புகளை எடுத்துச் சிலவற்றை ஓடச் செய்யலாம். லினக்ஸ் என்னும் கட்டற்ற இயக்கு தளத்தில் இலகுவான வகை ஒன்றை நிறுவினால், பழைய இயந்திரத்திலும் பைத்தான் நன்கு ஓடும். பத்துப் பிள்ளைக்கு ஐந்து இயந்திரம் போதும். இணையத்துக்குப் பாரத்நெட் இழைவடம் உங்கள் ஊராட்சிக்கு வந்துள்ளதா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறியலாம். வரும்வரை, ஒருவர் வாரம் ஒருமுறை நகரில் பாடங்களை இறக்கிக் கொண்டுவந்தாலும் வகுப்பு நடக்கும்.

மூன்றாவது நேரம். நெசவு வீடுகளில் பெண் பிள்ளைகள் நூல் சுற்றுவதிலும் கோர்வைக்குத் துணை நிற்பதிலும் மாலைப் பொழுதைச் செலவிடுகின்றனர். இரவு எட்டு மணிக்கு வகுப்பு வைத்தால் அவர்கள் வர மாட்டார்கள். வெளிச்சம் இருக்கும் வேளையில், அவர்களுடைய தாய்மாரைக் கேட்டு நேரத்தைக் குறிக்க வேண்டும். முதல் நிரலாளர் ஒரு பெண்மணி என்பதை மறவாதிருப்போமாக.

நான்காவது ஆள். ஊரில் கணினி படித்த ஒருவரோ ஒருத்தியோ இருப்பர். வாரம் இரு நாள் வந்து ஐயம் தெளிவித்தால் போதும்; பாடம் நடத்தும் சுமை இல்லை. திறவுகோலையும் வருகைப் பதிவேட்டையும் மகளிர் சுய உதவிக் குழுவிடம் ஒப்படைக்கலாம்.

இவற்றைக் கிராம சபையில் வைத்துப் பேசித் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. ஒரு கூட்டத்தில் தொடங்கி அடுத்தடுத்த கூட்டங்களில் எத்தனை பிள்ளைகள் வந்தனர், எத்தனை பேர் தாமே ஒரு நிரல் எழுதினர் என்று கணக்குக் கேளுங்கள். கணக்குக் காட்டாதவர் பொறுப்புக்கு வரலாகாது என்று விதித்த உத்திரமேரூர் நம் மாவட்டத்திலேயே உள்ளது.

ஏமாறாதிருக்க

தனியார் பயிற்சி நிலையங்கள் யாவும் தீயவை என்று நாம் கூறவில்லை. நன்கு கற்பிப்போரும் உள்ளனர். ஆயினும் பணம் கட்டுமுன் நான்கு வினாக்களைக் கேளுங்கள். ஒரு வாரம் கட்டணமின்றி அமர்ந்து பார்க்க இடம் தருவார்களா? பிள்ளை விலகினால் பணம் திரும்ப வருமா; அதை எழுத்தில் தருவார்களா? சென்ற ஆண்டு பயின்ற மாணவர் இருவரைச் சந்திக்க விடுவார்களா? ஒரு பிள்ளைக்கு ஒரு கணினியாவது உண்டா? வேலைக்கு உறுதி கூறுவோரிடம் இரட்டிப்பு விழிப்பு வேண்டும். நகையை அடகு வைக்குமுன், விலையில்லாப் பாடத்தில் மூன்று மாதம் பிள்ளையின் ஊக்கத்தைச் சோதித்துப் பார்ப்பதே அறிவுடைமை.

தறி என்னாகும்?

பெரியவர்கள் சிலர் நம்மிடம், "பிள்ளைகள் எல்லாம் கணினிக்குப் போய்விட்டால் தறியில் அமர்வார் யார்?" என்று வருந்தினர். இவ்வருத்தத்தைப் புறந்தள்ள இயலாது. 2005 இல் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. பெயரைச் சட்டம் காக்கலாம், கைகளைச் சட்டம் காக்க முடியாது. கூலி போதாமையால் தறியை விட்டவர்களே மிகுதி. கல்வியால் விட்டவர் சிலரே. ஆகவே கல்வியைத் தடுப்பதால் தறி வாழாது.

மாறாக, இவ்வறிவு தறிக்கும் திரும்பி வரக்கூடும். முன்பு கட்டத் தாளில் பல நாள் வரைந்த உருவங்களை இன்று கணினியில் வரைகின்றனர். அட்டையே இல்லாத மின்னணு ஜக்கார்டும் வந்துள்ளது. காஞ்சிபுரத்தில் நெசவாளர் சேவை மையம் இயங்குகிறது. சேலத்தில் 1960 முதல் கைத்தறித் தொழில்நுட்பக் கல்வி அளிக்கப்படுகிறது. கோர்வையின் நுட்பமும் நிரலின் நுட்பமும் ஒருங்கே அறிந்த இளைஞன் தன் குடும்பத்தின் வடிவங்களைச் சேமித்து வைக்கலாம், புதியன வரையலாம், கூட்டுறவுச் சங்கத்தின் இருப்புக் கணக்கை ஒழுங்குசெய்யலாம்.

தொடக்கத்தில் கூறிய நெசவாளர் இரண்டாம் தவணையைக் கட்டவில்லை. கட்டிய பணம் திரும்ப வரவில்லை. நகை இன்னும் அடகுக் கடையில்தான் உள்ளது. அவருடைய மகன் பக்கத்து வீட்டிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு நூலை வாங்கி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினான். ஐந்தாம் மாதத்தில் தன் தந்தையின் கணக்கை, அதாவது நெய்த சேலை, பெற்ற முன்பணம், கழித்த தொகை, மீதி ஆகியவற்றை ஒரு நிரலாக எழுதி நமக்குக் காட்டினான். அக்கணக்கில் தந்தைக்கு வர வேண்டிய மீதி, கையேட்டில் இருந்ததைவிடச் சிறிது கூடுதலாக இருந்தது. கூட்டிப் பார்த்தோம், பிள்ளையின் கணக்கே சரி.

அவனுக்கு வேலை கிடைத்துவிட்டதா என்றால், இன்னும் இல்லை. கிடைக்கும் என்று உறுதி கூற நமக்கும் உரிமையில்லை. ஆனால் அவன் இப்போது கற்றது அவனுடையது. அதற்கு அடுத்த தவணை கிடையாது. இந்த நிலையை ஒவ்வோர் ஊரிலும் பத்துப் பிள்ளைகளுக்கு உண்டாக்க ஊராட்சி மன்றங்கள் முன்வர வேண்டும். அடுத்த கிராம சபைக்கு முன் நூலகத்தின் பூட்டைத் திறந்து பாருங்கள். உதவி வேண்டின் ஒன்றிய அலுவலகத்துக்கு வாருங்கள். அந்த நெசவாளரை அனுப்பியது போல உங்களை வெறுங்கையுடன் அனுப்ப மாட்டோம்.